சக்கரப் பக்கம், ஊசிப் பக்கம்

அந்தத் தெருவில் நின்று தையல் மிஷின் ரிப்பேர் கடை எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். பீச்சாங்கையார் கடை எங்கே என்று கேட்டால் இடுப்புக் குழந்தைகூடச் சரியாக விரலை நீட்டும். மாடிப்படிக்கு அடியில், சலூனுக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் ஒரு பொந்து. தலையைக் குனிந்து நுழைய வேண்டும். குனியாதவர்களின் நெற்றி பட்டுப் பட்டு நிலைச்சட்டம் வழவழவென்று ஆகிவிட்டது.

பெயர் வந்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஸ்குருடிரைவர் பிடிப்பது, சாப்பிடுவது, திட்டும்போது விரலை ஆட்டுவது, எல்லாம் இடது கைதான். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் அந்தக் கையைத் திருத்தியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு நின்றார். பிரம்புதான் உடைந்தது, கை திருந்தவில்லை. ஐந்தாம் வகுப்போடு, "உங்க பாடமும் வேண்டாம், உங்க பிரம்பும் வேண்டாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், அப்புறம் அந்தத் திசையில் தலை வைத்தும் படுக்கவில்லை.

வேலைக்குப் போனது ஒரு பெரிய தையல் தொழிற்சாலைக்கு. கூட்டிப் பெருக்கப் போனவர், மெக்கானிக்குகளின் வாலைப் பிடித்துக்கொண்டே அலைந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். அங்கே வரிசை வரிசையாக மிஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் இருப்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அதனால் எல்லாம் விரல் பேச்சுதான். இதைக் கழற்று, அதை இறுக்கு, இப்படித் திருப்பு, அப்படி வை. வாலிபம் முழுக்க அப்படியே ஓடியதில் மனிதருக்கு மற்றச் சொற்கள் எல்லாம் துருப்பிடித்துப் போயின. கல்யாணமான புதிதில் மனைவி, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று ஆசையாகக் கேட்டார். இவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"அன்னைக்கே ஓடியிருக்கணும்" என்று மெக்கானிக்கம்மா இன்றைக்கும் சொல்லுவார். ஓடவில்லை. கடை வைத்தபோது கூடவே வந்து உட்கார்ந்தார். அந்தக் கடையில் கை அவருடையது, வாய் அம்மாளுடையது. வருகிறவர்களிடம் பேசுவது, சமாதானம் சொல்வது, புருஷன் திட்டியதைத் துடைத்து எடுப்பது எல்லாம் அந்த வாய்தான்.

வீடியோ போடத் தொடங்கியதும் அம்மாளின் யோசனையே. ஒரு தடவை எவரோ மிஷினுக்குச் சமையல் எண்ணெயை ஊற்றிக் கொண்டுவந்துவிட்டார். உள்ளே எல்லாம் பசை மாதிரி இறுகிக் கிடந்தது. அதை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே இவர் பொரிந்து தள்ளியதை அம்மாள் சும்மா ஒரு விளையாட்டுக்குப் போனில் பிடித்து இணையத்தில் ஏற்றினார். ஊர் உலகமெல்லாம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர், "எங்க மிஷினும் அப்படித்தான் இருக்கு, என்ன பண்றது?" என்று கேட்டார்கள். அப்படித்தான் வண்டி ஓட ஆரம்பித்தது.

வீடியோவில் அவர் முகம் வராது, கைகள் மட்டும் வரும். பெஞ்சின் மேல் ஒரு தலையணையைப் போட்டு, அதன் மேல் மிஷினின் தலையைக் கவிழ்த்து வைத்திருப்பார். மேஜையிலிருந்து கழற்றிய இரும்புப் பாகத்தைத்தான் தலை என்பார்கள். ஒரு கை சக்கரத்தை உருட்டும், மறு கை காட்டும்.

"இதைக் கழட்டு. அதை விடு. இதை இப்படித் திருப்பு. அப்படி இல்லை, இப்படி. முடிஞ்சுது. போ."

அந்தப் 'போ'வுக்காகவே பார்க்கிறவர்கள் உண்டு. இடையில் சலூன் ரேடியோவும் தெருவின் ஹாரன் சத்தமும் விழும் என்பதால், அம்மாள் பின்னணியில் ஒரு மேளத்தைச் சேர்த்துவிடுவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை அம்மாளின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பெண்குரல். நிதானமான, ஆனால் ஓரத்தில் கொஞ்சம் குறும்பு ஒட்டிய குரல்.

"வணக்கம் அண்ணே. உங்க வீடியோவைக் கேட்டேன். பாக்கலை, கேட்டேன். எனக்குப் பிறந்ததிலேருந்தே பார்வை கிடையாது. மெத்தைக் கடைக்குத் தலையணை உறை தைச்சுக் கொடுக்கிறேன். இப்ப மிஷின்ல ஊசி ஓடுது, துணி நடக்க மாட்டேங்குது. ஒரே இடத்துல குத்திக் குத்தி முடிச்சாகிப் போகுது. நீங்க 'துணி நகரலையா'ன்னு ஒண்ணு போட்டிருக்கீங்கன்னு போன் படிச்சுச் சொல்லுச்சு. ஆசையா வச்சுக் கேட்டேன். மேளம் நல்லா இருந்துச்சு. நடுவுல நீங்க 'இதை இப்படித் திருப்பு'ன்னீங்க. எதை அண்ணே? எப்படி அண்ணே? கடைசியில 'போ'ன்னுட்டீங்க. நான் எங்க போறது?"

மெக்கானிக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சலூன்காரர் கத்திரியும் கையுமாக எட்டிப் பார்த்தார். பீச்சாங்கையார் மட்டும் சிரிக்கவில்லை.

"பக்கத்துல மெக்கானிக் யாரும் இல்லையாமா?"

அம்மாள் கேட்டு அனுப்பினார். பதில் உடனே வந்தது.

"இருக்கார் அண்ணே. வருவார், தலையைக் கழட்டித் தூக்கிக்கிட்டுப் போவார், என்னைக் கையைக் கட்டிக்கிட்டு உக்கார வச்சிட்டு அவர் நேரத்துக்குத்தான் கொண்டுவருவார். அதுகூடப் பரவாயில்லை. எனக்கு ஒரு தம்பி. தங்கமான பையன். அவன்தான் தொல்லை. 'அக்கா, நீ தனியா இருந்தது போதும், எங்க வீட்டுக்கு வந்துடு'ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருப்பான். ஒரு நாள் வாக்குவாதத்துல, 'மிஷினுக்கு ஒண்ணு ஆனா நீ இன்னொருத்தரைத்தானே கூப்பிடணும்'னான். 'நானே சரி பண்ணுவேன்'னு வீராப்பா சொல்லிட்டேன். 'முடியலைன்னா வந்துடணும்'னான். சரின்னுட்டேன். இப்ப ஞாயித்துக்கிழமை காலையில வேனோட வர்றான். ஊசி மாத்துறது, நூல் கோக்கிறது, எண்ணெய் விடுறது எல்லாம் எனக்கு அத்துப்படி. அடிவயித்துல மட்டும் கை வச்சதில்லை. தம்பி வீட்டுல எனக்கு ஒரு குறையும் இருக்காது அண்ணே. அதான் பயமா இருக்கு. காலையில எந்திரிச்சா செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அந்தக் கடைசிச் சொல்லில் குறும்பு இல்லை. அம்மாள் போனைக் கீழே வைத்தார்.

"கண்ணு தெரியாதவங்க கையில ஸ்குருடிரைவரைக் கொடுக்கிறதா? கிழிச்சுக்கிட்டா?" என்றார் இவர்.

"நீங்க ரெண்டு கண்ணையும் வச்சுக்கிட்டுத்தானே நேத்து விரலைக் கிழிச்சுக்கிட்டீங்க."

இவர் கட்டுப் போட்ட விரலை மடக்கிக்கொண்டார். "சரி, போனைப் போடு. பேசியே சொல்லிடறேன்."

அதற்கும் அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம் அண்ணே. நீங்க அதட்டினா எனக்குக் கை நடுங்கும். எனக்கு ஸ்குருவைத் தேடவே நேரமாகும், நீங்க அதுக்குள்ள 'போ'ன்னுடுவீங்க. பேசிப் பதிஞ்சு அனுப்புங்க. நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பக் கேட்டுக்குவேன். வேணும்னா மெதுவாக்கியும் கேட்கலாம். உங்க வீடியோவைக்கூட மெதுவாக்கித்தான் கேட்டேன், குடிச்சவர் மாதிரி இருந்தீங்க."

சலூன்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய நாற்காலியில் இருந்தவருக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறிவிட்டது.

இணையத்தில் ஏற்றிவிட்டால் உலகத்துக்கே சொன்ன மாதிரி என்று நினைத்திருந்தவர் பீச்சாங்கையார். அதில் பாதி உலகத்துக்கு மேளம் மட்டும்தான் வாசித்திருக்கிறோம் என்பது அவருக்கு முள்ளாகக் குத்தியது. அன்றைக்கு மத்தியானம் கடையை ஒருக்களித்துச் சாத்தினார். சலூனில் ரேடியோவை நிறுத்தச் சொன்னார்.

"ஏன் அண்ணே, யாரும் தவறிட்டாங்களா?"

"நீ தவறிடுவ. நிறுத்துய்யா."

பெஞ்சின் மேல் அதே மாதிரி ஒரு தலையைக் கவிழ்த்து வைத்தார். இடது கையைச் சக்கரத்தில் போட்டார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கைகள் தாமாகக் காற்றில் காட்டத் தொடங்கின. அம்மாள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். "கை பேசக் கூடாது. வாய் பேசணும்."

கையைப் பிடித்துக்கொண்டதில் அவருக்கு மூச்சே முட்டியது. ஆனாலும் சொன்னார். மிஷினைப் பின்பக்கமாகச் சாய்த்துக்கொள். அடியில் இரண்டு கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அதில் ஒன்றின் வேலை, துணிக்கு அடியில் இருக்கிற பல்லைத் தூக்கிக் கொடுப்பது. பல் துணியைக் கவ்வினால்தான் துணி நகரும். கம்பியைப் பிடித்திருக்கிற ஸ்குரு ஆட்டத்தில் நழுவி, பல் உள்ளே இறங்கிவிட்டது. அவ்வளவுதான் நோய். கம்பியின் வலது கோடியில் இருக்கிற ஸ்குருவைக் கம்பி தளர்கிற வரைக்கும் திருப்பு. பல்லை மேலே தூக்கு. மறுபடி இறுக்கு. முடிந்தது.

'போ' என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "வா" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னதுதான். அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒரு இடத்துலகூட இது அதுன்னு சொல்லலைங்க!"

இவரும் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சரியாகிவிட்டது, அதுதான் பேச்சைக் காணோம் என்று முடிவு கட்டிக்கொண்டு, சாவிக்கடைக்காரரிடமும் சலூன்காரரிடமும் தன் சாமர்த்தியத்தைச் சொல்லியும் ஆயிற்று.

சனிக்கிழமை கடை திறக்கிற நேரத்துக்குச் செய்தி வந்தது. முதலில் குரல் இல்லை. இரும்பு மேல் இரும்பு விழுகிற 'டொக்' என்ற ஒரு சத்தம். அப்புறம்தான் அந்தப் பெண்.

"கேட்டுச்சா அண்ணே? அதான் உங்க கம்பி. கையில பிடிச்சு மறுபடி போட்டுக் காட்டினேன். நீங்க சொன்ன மாதிரியே வலது கோடி ஸ்குருவைத் திருப்பினேன். தளரவே இல்லை. ஒரு நட்டு வேற குறுக்க இருந்துச்சு, நீங்க சொல்லலை. மறந்திருப்பீங்கன்னு நானே குறடு வச்சுக் கழட்டினேன். கம்பி தளர்ற வரைக்கும்னீங்க. தளர்ந்துச்சு. விழுந்துச்சு. நேத்து பூரா தூக்கி மாட்டிப் பாத்தேன், நிக்கலை. முந்தி துணிதான் நடக்கலை, இப்ப மிஷினே படுத்துக்கிச்சு. நாளைக்குத் தம்பி வந்துடுவான். பரவாயில்லை அண்ணே, நீங்க நல்ல மனசோடதான் சொன்னீங்க. பாயைச் சுருட்டி வைக்கணும், வரட்டுமா?"

பீச்சாங்கையாரின் முகம் கறுத்தது. "நட்டா? அங்க ஏது நட்டு? அந்த ஸ்குருவுல நட்டே கிடையாது. அந்தம்மா வேற எதையோ கழட்டியிருக்கு."

"வலது கோடின்னு நீங்கதானே சொன்னீங்க."

"வலது கோடிதான். வலது கோடியில நட்டு இல்லை. வா, காட்டுறேன்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்கிற கதையாக, அந்தம்மாவின் மிஷினே சரியில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அம்மாள் எழுந்தார். கடையின் மூலையில் ஒரு கால் மிதி மிஷின் மேஜையோடு நின்றிருந்தது. அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, தைக்கிறவர் உட்கார்வது மாதிரி உட்கார்ந்தார். மிஷினைப் பின்னால் சாய்த்தார். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"உங்க பதிவைப் போடுங்க. நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் குரல் மட்டும்தான் பேசணும்."

பதிவு ஓடியது. அம்மாளின் விரல்கள் கம்பியைக் கண்டுபிடித்தன. தடவிக்கொண்டே வலது பக்கமாகப் போயின. கோடியில் நின்றன. "நட்டு இருக்கே" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"அங்க ஏன் போற? அது இடது!"

"இது எப்படிங்க இடதாகும்? இது என் வலது கை."

"சக்கரம் இருக்கிற பக்கம் இடது. ஊசி இருக்கிற பக்கம் வலது. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் கடையில உக்காந்திருக்க?"

அம்மாள் கண்ணைத் திறந்தார். அவரைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்த தலையைப் பார்த்தார். அதன் சக்கரம் இடது பக்கம் இருந்தது. மூலை மிஷினைப் பார்த்தார். சக்கரம் வலது பக்கம் இருந்தது.

"ஏங்க," என்றார் மெதுவாக, "உலகத்துல எல்லா மிஷினுக்கும் சக்கரம் வலது பக்கம்தாங்க. உங்க பெஞ்சுல மட்டும்தான் இடது பக்கம். நீங்க பீச்சாங்கையால உருட்டணும்னு திருப்பிப் போட்டுக்கிறீங்க."

பீச்சாங்கையார் பெஞ்சையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தொழிலுக்கு வந்த நாளாகத் தலைகளைத் திருப்பிப் போட்டே வேலை செய்திருக்கிறார். தொழிற்சாலையிலும் அப்படித்தான். அங்கே யாரும் வலது இடது என்று பேசவில்லை, விரலால் காட்டினார்கள். வீடியோவிலும் கை காட்டியது, கண் பார்த்தது. பார்க்கிறவர்கள் இருக்கிற வரைக்கும் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. காதை மட்டும் நம்பிய ஒருத்தி வந்ததும் பிடிபட்டுவிட்டது.

"எந்திரி," என்றார் மனைவியிடம்.

நாற்காலியில் தான் உட்கார்ந்தார். கால்களை மிதியில் வைத்தார். வாழ்நாளில் எத்தனையோ மிஷின்களின் குடலை உருவிப் பார்த்தவர், தைக்கிறவரின் இடத்தில் இதுவரை உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாமே மாறித் தெரிந்தது. சக்கரம் வலது கைக்கு வந்தது, அவருக்கு அது ஏதோ அடுத்த வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"இப்ப வலதை இடதுன்னு மாத்திச் சொல்லிடலாம்ல?" என்றார் அம்மாள்.

இவர் தலையை ஆட்டினார். கண்ணை மூடி, விரலால் கம்பியின் இரண்டு கோடிகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "வலதும் வேண்டாம், இடதும் வேண்டாம். இன்னொருத்தி என்னை மாதிரி பீச்சாங்கையா இருப்பா. இன்னொருத்தி தலையைக் கழட்டி மடியில வச்சுக்குவா. சக்கரத்தைத் தொட்டா யாருக்கும் தெரியும், ஊசியைத் தொட்டா யாருக்கும் தெரியும். சக்கரப் பக்கம், ஊசிப் பக்கம். அது எங்க உக்காந்தாலும் மாறாது."

அம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் திட்டாமல் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களை எல்லாம் திங்கட்கிழமை வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சலூன்காரர் கேட்காமலே ரேடியோவை நிறுத்திவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவர்களைத் தெருவிலேயே மறித்து நின்றார். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார, பீச்சாங்கையார் பக்கத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பேசினார். அம்மாளின் விரல் எங்கே தடுமாறுகிறதோ, அங்கே பதிவை அழித்து மறுபடி சொன்னார்.

"முதல்ல நான் செஞ்ச தப்பு. நீங்க கழட்டினது சரியாத்தான் கழட்டினீங்க, நான் சொன்னதுதான் கோணல். இப்ப கம்பியைத் தூக்கி நிறுத்தலாம். சக்கரப் பக்கத்து நுனியில விரல் வைங்க. நடுவுல ஒரு குழி இருக்கும், மிளகு உக்கார்ற அளவு. உங்க கையில இருக்கிற ஸ்குருவோட முனை கூம்பா இருக்கும். அந்தக் கூம்பு அந்தக் குழியில உக்காரணும்."

"மிளகு இல்லைங்க, கடுகு," என்றார் அம்மாள், கண் மூடியபடி.

"கடுகு. கடுகு உக்கார்ற அளவு."

அப்புறம் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. கம்பி சரியாக உட்கார்ந்ததா என்று அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஸ்குருடிரைவரின் பிடியால் கம்பியைத் தட்டினார். 'டப்' என்று செத்த சத்தம் வந்தது. "இது தளர்ந்த கம்பி." கொஞ்சம் இறுக்கித் தட்டினார். 'டிங்' என்றது. "இது உக்காந்த கம்பி. டிங் வந்ததும் நட்டைப் போட்டு நிறுத்துங்க." தொழிற்சாலை இரைச்சலில் வாயை இழந்தவருக்குக் காது மட்டும் எப்படியோ பிழைத்திருந்தது. அதைக் கொண்டு அன்றைக்கு வேலை வாங்கினார்.

பிறகு ஊசிப் பக்கம். அங்கே பல்லைத் தாங்குகிற துண்டு, கவட்டைக்குள் ஒரு விரலை நுழைத்த மாதிரி இருக்கும். அதைக் கம்பியோடு பிடித்திருக்கிறது ஒரு ஸ்குரு. நட்டு கிடையாது, இருந்தால் இடம் தப்பு. அரைச் சுற்று தளர்த்தினால் போதும். பல் எவ்வளவு உயரம் வர வேண்டும்? கண் இருக்கிறவனுக்கு இவ்வளவு என்று விரலிடுக்கைக் காட்டிவிடலாம். இவர் யோசித்து யோசித்துத் தன் கட்டை விரல் நகத்தைப் பார்த்தார்.

"ஊசிக்கு அடியில இருக்கிற தகட்டு மேல உங்க நகத்தைப் படுக்க வைங்க. நகத்தோட தடிமன் அளவுக்குப் பல்லு நீட்டிக்கிட்டு இருக்கணும். அதுக்கு மேல போனா துணியைக் கடிக்கும். அதுக்குக் கீழ போனா துணி நடக்காது."

கடைசியில் நல்ல மிஷின் துணியை இழுத்துக்கொண்டு ஓடுகிற சத்தத்தையும், பல் இறங்கிய மிஷின் ஓடுகிற சத்தத்தையும் அடுத்தடுத்துப் பதிந்தார். மேளம் சேர்க்கவில்லை. சாயங்காலம் பதிவு போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. பீச்சாங்கையார் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் குளியலறைக் குழாயைக் கழற்றினார், ஒழுகாத குழாய். மாட்டியதும் ஒழுக ஆரம்பித்தது. போன் சிணுங்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டினார்.

"வராதுங்க. வந்தா சொல்ல மாட்டேனா?"

"நான் எங்க கேட்டேன்?"

"உங்க கழுத்து கேக்குது."

காலை வெயில் ஏறியதும் செய்தி வந்தது. அம்மாள் போனைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தார். இந்தத் தடவையும் முதலில் குரல் வரவில்லை. மிதி மிதிக்கிற சத்தம், மிஷின் ஓடுகிற சத்தம், துணி நடக்கிற சத்தம். நீளமாக ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் கதவு திறந்தது. ஓர் ஆண் குரல், கொஞ்சம் மூச்சு வாங்க:

"அக்கா, சாமானெல்லாம் கட்டியாச்சா? வேன்காரர் அவசரப்... என்னக்கா, ஓடுது?"

"ஏன், ஓடக் கூடாதா?"

"யாரு வந்து பண்ணது?"

"வாசல்ல செருப்பு ஏதாவது கிடந்துச்சா? வேணும்னா அடியில கை விட்டுப் பாரு. சக்கரப் பக்கம் ஒரு நட்டு, ஊசிப் பக்கம் நட்டு இல்லாத ஒரு ஸ்குரு. கிரீஸ் படும், சட்டையில துடைச்சிடாதே."

அப்புறம் தம்பியின் குரல், இறங்கி வந்தது. "வேனைச் சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேனே அக்கா. இப்ப என்ன செய்ய?"

"நல்லதாப் போச்சு. உக்காரு. இன்னும் கொஞ்சம் உறைதான் பாக்கி. முடிச்சதும் மூட்டையைத் தூக்கி வேன்ல போடு. மெத்தைக் கடைக்கு நான் எப்படிக் கொண்டுபோறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

தம்பி சிரித்துவிட்டான். தோற்ற சிரிப்புதான், ஆனாலும் அதில் வருத்தம் இல்லை. "சரி, நூலாவது கோத்துத் தரட்டா?"

"உனக்கு நேரமாகும். தள்ளி உக்காரு."

அதோடு செய்தி முடியவில்லை. கடைசியில் அந்தப் பெண் போனைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்: "அண்ணே, பாயை விரிச்சுட்டேன். நகத்தளவுன்னீங்க பாருங்க, அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. இனிமே உங்க மத்த வீடியோவையும் இப்படி வாயால சொல்லுங்க. எனக்கு மட்டும் இல்லை. எங்க தெருவுல கண்ணு நல்லாத் தெரியற தையல்காரங்களும் இந்தப் பதிவைக் கேட்டாங்க. மிஷினுக்கு அடியில தலையை விட்டுக்கிட்டு எந்தக் கண்ணால போனைப் பாக்கிறதுன்னு கேக்கிறாங்க."

மெக்கானிக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா? நாளையிலேருந்து முதல் வீடியோவிலேருந்து ஆரம்பிக்கிறோம். நான் கண்ணை மூடிக்கிறேன், நீங்க கையைக் கட்டிக்கணும்."

பீச்சாங்கையார் போனைத் தன் பக்கமாக நகர்த்தினார். புருவத்தை நெரித்துக்கொண்டு, "முதல்லேருந்து போடு" என்றார்.

அம்மாள் சந்தோஷமாகப் போட்டார். தம்பி பேசத் தொடங்கியதும் இவர் கையை ஆட்டி, "அவனை விடு, அதுக்கு முந்தி" என்றார். மிஷின் ஓடுகிற சத்தத்தை மட்டும் மறுபடி மறுபடி கேட்டார். தலையைச் சாய்த்து, வாத்தியாருக்குப் பயந்த பையன் பாடம் கேட்பது மாதிரி கேட்டார்.

"என்னங்க?"

"முனகுது. கூம்பு ஸ்குருவை ரொம்ப இறுக்கிட்டா. பயந்துட்டா, மறுபடி விழுந்துடுமோன்னு. இப்படியே ஓட்டினா குழி தேஞ்சு போகும். போனை எடு, பதிஞ்சு அனுப்பணும்."

"இப்பவா? இன்னைக்கு அந்தப் பொண்ணு கொஞ்சம் சந்தோஷமா இருக்கட்டுமே."

"சந்தோஷமா இருக்கட்டும். கம்பியும் இருக்கணும்ல."

அம்மாள் போனை அவர் வாயருகே நீட்டினார். பீச்சாங்கையார் கைகளை, யாரும் சொல்லாமலே, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"தங்கச்சி. நல்லாப் பண்ணியிருக்க. சக்கரப் பக்கம் போ. அந்த நட்டைத் தளர்த்து."